‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்று எழுத மறுத்தவர்

திங்கட்கிழமை காலை, கர்ப்பிணிகள் பிரிவில் ஒரு பெண்ணின் வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் போன் அதிர்ந்தது. பூங்கொடி சிஸ்டரின் எண். கையைக் கழுவிக்கொண்டு எடுத்தேன். பேசியது அவர் கணவர். கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இயந்திரச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் எப்போதும் உரக்கப் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார்.

“டாக்டருங்களா? இன்னிக்கு வெடியால நாலு மணிக்குப் போயிட்டாளுங்க. உங்களுக்கு முதல்ல சொல்லோணும்னு சொல்லி வெச்சிருந்தா.”

வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் எழுந்து வந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

இந்த மருத்துவமனை ஊழியர்களான உங்களில் பலர் அவரைப் பிரசவ வார்டில் அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது இரண்டாம் மாடியில், ஆய்வுப் பிரிவு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒற்றை அறையில். நான் திருநெல்வேலிக்காரி, மருத்துவர். அவர் இந்த ஊர்க்காரர், நர்ஸ். இருவருக்கும் ஒரே வயது. எதிரெதிர் மேசைகளில் பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஆய்வு எளிய கேள்வி ஒன்றைப் பற்றியது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடிய பெண்களுக்குப் பிரசவத்தோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அழுத்தம் ஏறலாம், வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம். வீட்டிலேயே தினமும் அளந்து எங்களுக்குச் சொன்னால் அதைத் தடுக்க முடியுமா? இதைத் தெரிந்துகொள்ள, ஆய்வில் சேரும் பெண்களில் பாதிப் பேருக்கு அளக்கும் கருவி கொடுத்து அனுப்புவோம். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. யாருக்கு எது என்பதை, குலுக்கல் சீட்டுபோல, ஒட்டி மூடிய உறைதான் தீர்மானிக்கும். எங்கள் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. பத்தாம் நாள் எல்லோரையும் போனில் விசாரிப்போம். ஆறாவது வாரம் நேரில் பார்ப்போம்.

முதல் ஆண்டில் ஆட்கள் போதவில்லை. எனக்குப் பதற்றம். அப்போது வந்தவள் போத்தனூரிலிருந்து ஓர் இளம்பெண், உடன் மாமியார். “எங்க வேணாலும் கையெழுத்துப் போடறோமுங்க” என்றார் மாமியார். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். பூங்கொடி அதை வாங்கித் தம் மேசையில் வைத்துவிட்டு, மாமியாரை வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

“நீ சொல்லு அம்மணி. உனக்கு இதுல சேர இஷ்டமா?”

அந்தப் பெண் சாத்திய கதவைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் தலையை இடமும் வலமுமாக அசைத்தாள்.

“சரி கண்ணு. உன்ற வைத்தியத்துல ஒரு குறையும் வராது. நான் பார்த்துக்கறேன்.”

அவர்கள் போன பிறகு நான் எரிந்து விழுந்தேன். “இப்படி ஒவ்வொருத்தரா அனுப்பிட்டிருந்தா ஆய்வு எப்ப முடியும் சிஸ்டர்?” அவர் கோப்பை மூடிக்கொண்டே சொன்னார்: “வேண்டாம்னு சொல்ல முடியாத புள்ள வேணும்னு சொன்னா அதுக்கு என்னங்க அர்த்தம்?” அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை நானே பேசினேன்.

வெள்ளகோவில் சம்பவத்தை உங்களில் சிலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். பிரசவமாகித் தாய்வீடு போன ஒரு பெண்ணைப் பத்தாம் நாள் அழைத்தோம். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. அவள் உறையில் கருவி வரவில்லை. வழக்கமான கவனிப்புக் குழு. “தொடர்பு கிடைக்கவில்லைன்னு எழுதிடுங்க, ஆறாவது வாரம் பார்ப்போம்” என்றேன். எந்த ஆய்விலும் சிலர் அப்படி விட்டுப்போவார்கள். அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

“கிடைக்கலையா, நாம தேடலையாங்க?” என்றார் பூங்கொடி. அடுத்த நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பல்லடம், காங்கேயம் வழியாகப் பேருந்தில் போனார். வெள்ளகோவிலில் இறங்கி, விசாரித்து விசாரித்து, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டைக் கண்டுபிடித்தார். போன் கணவனிடம் திருப்பூரில் இருந்தது. ஆலைக்குள் அவன் அதை எடுப்பதில்லை. அந்தப் பெண் ஜன்னலைச் சாத்திய அறையில், தலையைச் சுற்றித் துண்டு கட்டிப் படுத்திருந்தாள்.

“தலைக்குத் தண்ணி ஊத்துனதுல வந்ததுங்க. மூணு நாளா மண்டையிடின்னு படுத்துட்டா” என்றார் அவள் அம்மா.

“கண்ணு எப்பிடித் தெரியுது அம்மணி?”

“ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க.”

பூங்கொடியின் கைப்பையில் கருவி இருந்தது. அந்தக் குழுவில் உள்ளவர்களை வீட்டில் அளப்பது எங்கள் ஆய்வு விதிக்கு மாறானது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அளந்தார். பிறகு என்னை அழைத்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் கேட்கிறது: “டாக்டர், நான் அளந்துபோட்டனுங்க.”

“அதை அப்புறம் பேசலாம் சிஸ்டர். எவ்வளவு இருக்கு?”

நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரில் அவளைக் காங்கேயம் கொண்டுபோனார்கள். நான் அதற்குள் அங்கிருந்த மருத்துவரிடம் பேசி, வலிப்பு வராமலிருக்கப் போடும் ஊசியைத் தயாராக வைக்கச் சொல்லியிருந்தேன். காரில் குழந்தை பூங்கொடியின் மடியில் இருந்தது. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் கைவிரல்கள் துடிக்கத் தொடங்கியிருந்தன. ஊசி போட்டார்கள். வலிப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் நலமாக வீடு போனாள்.

வெள்ளகோவில் போய்வந்த மறுநாள் பூங்கொடி என் முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நான் ஆய்வைக் கெடுத்துப்போட்டனுங்களா?” என்று கேட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்தவர் கேட்ட கேள்வி அது. நடந்ததை இருவரும் சேர்ந்து ஒரு வரி விடாமல் எழுதி, ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம். செய்தது சரி என்றும், அவளை, அவள் முதலில் சேர்ந்த குழுவிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும் என்றும் பதில் வந்தது. பதில் வந்த அன்று, அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

ஆய்வு முடிந்தது. கருவி உதவுகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு முடிவு வலுவாக இல்லை. நான் சோர்ந்துபோனேன். “தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. அடுத்தாப்புல செய்யறவங்க பெருசாச் செய்யட்டும்” என்றார் அவர். அப்படியே எழுதினேன்.

நான்கு மாதங்களுக்கு முன் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவரைப் பார்த்த மருத்துவர்கள், புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேரலாம் என்று படிவம் கொடுத்திருந்தார்கள். கணபதியில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போனபோது கண்ணாடி போட்டுக்கொண்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஓரங்களில் பென்சிலால் கேள்விகள். இரண்டு இடங்களில் எழுத்துப்பிழையும் திருத்தியிருந்தார்.

“நல்லா எழுதியிருக்காங்க டாக்டர். மறைக்காம எழுதியிருக்காங்க. ஆனா எனக்கு வேண்டாங்க. வாரத்துல மூணு நாள் அங்க போய்ப் படுக்கறதுக்குப் பதிலா, ஊட்டுல இவரோட இருந்துக்கறேன்.”

எனக்கு வற்புறுத்தத் தோன்றியது. ஒரு மாதம் கூடினாலும் எனக்கு அது போதும் என்றிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் படிவத்தை வாங்கி மடித்து மேசைமேல் வைத்தேன். “காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்றார். குடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வர முயன்றார். “போயிட்டு வாங்க, நானும் ஒரு நாள் நம்ம ரூமுக்கு வாரனுங்க” என்றார். வரவில்லை.

எதிர் மேசையில் இப்போது வேறொரு நர்ஸ் இருக்கிறார். நன்றாகவே வேலை செய்கிறார். ஆனாலும் ஏதாவது ஒரு தாளைக் கையில் எடுத்தால், பூங்கொடியிடம் காட்டத் தலை தானாக நிமிர்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்று உண்டு. போனில் ஒரு தாயை அழைத்தால் அவர் தலைவலியையோ வீக்கத்தையோ முதலில் கேட்கமாட்டார். “தூங்குனியா கண்ணு?” என்றுதான் தொடங்குவார். எங்கள் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி அது. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இப்போது நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். என் திருநெல்வேலி நாக்கில் அது அவர் சொன்னதுபோல் வருவதே இல்லை. போன வாரம் அப்படிக் கேட்டபோது மறுமுனையில் ஒரு பெண் “இல்லீங்க டாக்டர்” என்று அழத் தொடங்கினாள். நான் காத்திருந்தேன்.