விளக்குத் தட்டைத் தாண்டாத கால்

“...தட்டைத் தாண்டினா சாமி கோச்சுக்காது தம்பி. விழற மரத்துக்குத்தான் ஆள் தெரியாது,” என்றார் சரசக்கா. நான் கிழிந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

செங்கம் ரோட்டில் அக்கா வாடகை ரூம் கட்டுவதற்காக, அவர் வீட்டு வேப்பமரங்கள் இரண்டை மெஷினால் அறுக்கப் போயிருந்தேன். வேம்பு அம்மனாச்சே என்று அடிமரத்துக்கு மஞ்சள் பூசி, தட்டில் அகல் ஏற்றினார். அதை மரத்துக்குப் பின்னால் வைத்தது நான்தான். மரம் முன்னால் சாயும்போது நான் பின்னால் விலகி ஓடவேண்டிய வழி அது. ‘வெட்டறதுக்கு முன்ன ஓடற வழியப் பாரு’ என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன் நான்.

மரம் முறியும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். காலடியில் விளக்கு எரிந்தது. சாமி தட்டைக் காலால் தாண்டுவதா என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். அடிமரம் பின்னால் எகிறி, என் சட்டைத் தோளைக் கிழித்து, விளக்கையும் கவிழ்த்துக்கொண்டு போனது.

சாமிக்கு அஞ்சத் தெரிந்த எனக்கு, மரத்துக்கு அஞ்சத் தெரியவில்லை.

அக்கா கவிழ்ந்த விளக்கை எடுத்து வாசலில் வைத்தார். பிறகு துடைப்பத்தோடு போய், இரண்டாவது மரத்துக்குப் பின்னால் நான் ஓடுவதற்கு வழி பெருக்கினார்.