விளக்குமாறு பட்ட ஓடைக்கரை

அந்தக் கடிதம் வந்தது ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. ஞாபகத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் எந்தக் கடிதமானாலும், அது கைக்கு வந்த நாளை வலது மேல்மூலையில் பென்சிலால் குறித்துவைப்பது அம்மாவின் வழக்கம். மின்சாரப் பட்டியல், பள்ளிக்கூட அறிவித்தல், பீட்சாக் கடை விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். நாள் குறிக்கும் இந்த நோய் எனக்கும் அவரிடமிருந்துதான் தொற்றியது.

எனக்கு அப்போது பத்து வயது. கனடாவில், ஸ்காபரோ நகர்ப்பகுதியில், வோபர்ன் பக்கத்து அடுக்குமாடியொன்றில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா லொறி ஓட்டினார். கிழமையில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில்தான் அவருக்குச் சீவியம். அம்மாவுக்கு ஒரு சலவைச்சாலையில் வேலை. அங்கே நாள் முழுவதும் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு, யாரோடும் பேசப் பிடிக்காதவராக வீட்டுக்கு வருவார். அதே அம்மா நிலத்தில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவார். கத்தரிக்கன்றோடு பேசுவார், பயிற்றங்கொடியைத் திட்டுவார், என்னைக் கூடக் காரணமில்லாமல் கொஞ்சுவார்.

நிலம் என்பது நகரத்தின் வடகிழக்கு விளிம்பில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் அம்மா குத்தகைக்கு எடுத்திருந்த கால் ஏக்கர். அதன் சொந்தக்காரர், அந்தப் பக்கத்து ஓடைகளையும் ஆற்றுப்படுகையையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பாதுகாப்பு அலுவலகம். எங்கள் வீட்டில் அதற்கு ஆத்துக் கந்தோர் என்று பெயர். விதைப்பதற்கு முன்னர் மண்ணை எடுத்துச் சோதித்து, என்ன குறைகிறது என்று எழுதித் தருவார்கள். பனிக்காலத்தில் மண் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று, இலையுதிர்காலத்தில் தூவ ரை என்ற தானியப் புல்லின் விதையை மூட்டையாகத் தருவார்கள். பதிலுக்கு இரசாயன உரமும் மருந்தும் போடக் கூடாது. அந்த வருடம் புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. நிலத்தின் கீழ்ப்பக்கம் ஓடும் சின்ன ஓடையின் கரையில் முப்பதடி அகலத்துக்கு ஒன்றும் பயிரிடக் கூடாது. அங்கே அலுவலகத்து ஆட்கள் ஏதேதோ செடிகளை நட்டுவிட்டுப் போனார்கள்.

ஆங்கிலக் கடிதம் வாசிப்பது வீட்டில் என் வேலை. அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆனால் நான் வாசித்தால்தான் கெதியாக முடியும். அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் மாலை வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள். பரிசுப் பொருளுக்குக் கடதாசி சுற்றிக்கொண்டிருந்தேன். கடிதத்தில் இரண்டு தாள்கள். முதல் தாளை வாசித்து, செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு ஓடைக்கரையைப் பார்க்க அதிகாரி வருகிறார், அடுத்த வருடக் குத்தகையை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வார்களாம் என்று சொன்னேன். மற்றத் தாளில் என்ன என்று அம்மா கேட்டார்.

“சும்மா, அட்ரஸும் போன் நம்பரும்தான்.”

சொல்லிவிட்டு அந்தத் தாளைப் புத்தகப் பைக்குள் செருகினேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை. நிலத்துக்குத் தண்ணீர் விடப் போன மாமாவோடு நானும் போனேன். மாமா அம்மாவின் அண்ணன். எங்களைவிட எட்டு வருடம் முந்தி கனடாவுக்கு வந்தவர் என்பதால் இந்த நாட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் தனக்கு இல்லை என்ற நம்பிக்கை உள்ளவர். ஓடைக்கரையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. இடுப்பளவு புல், இடையிடையே பெயர் தெரியாத குச்சிகள், கிள்ளினால் பால் வடியும் அகல இலைச் செடிகள்.

“உதென்ன, எருக்கலை பத்தி ஆளில்லாத வளவு மாதிரிக் கிடக்கு? கந்தோர்க்காரர் வரேக்க உதையே காட்டப் போறாள் உன்ர கொம்மா?”

அங்கே கை வைக்கக் கூடாது போல என்று நான் இழுத்தேன்.

“நடக் கூடாதெண்டுதானே சொன்னவை, பிள்ளை. கூட்டக் கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லையே.”

அதிகாரி வருகிறார் என்றால் இடத்தைத் துப்புரவாக்க வேண்டும். கல்யாண வீடோ, சாமத்தியச் சடங்கோ, கந்தோர்க்காரர் வருகையோ, எங்கள் ஆட்களுக்கு இதில் இரண்டாம் பேச்சு இல்லை. மாமா புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார். எஞ்சியதை மண்வெட்டியால் செதுக்கினார். வெட்டிய புல்லையும் செடிகளையும் அள்ளிப் பைகளில் அடைத்தது நான். கடைசியாக, ஊரிலிருந்து யாரிடமோ சொல்லி எடுப்பித்த ஈர்க்கு விளக்குமாற்றைக் காரிலிருந்து கொண்டுவந்து, மேலிருந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் கூட்டினார். மண்ணில் பிறை பிறையாக விளக்குமாற்றின் கீறல்கள் விழுந்தன. கோயில் வீதி போல இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்தது. ஒன்பதாம் மாடிக் கண்ணாடியில் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. வீட்டுப்பாடம் செய்யப் பையைத் திறந்தபோது அந்தத் தாள் கையில் தட்டுப்பட்டது. விலாசமும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. நடுவில் பெரிதாகப் புல்வெட்டும் இயந்திரத்தின் படம். அதன் மேல் சிவப்புக் கோடு. கரையில் எதையும் வெட்டவோ பிடுங்கவோ கூடாது. வெட்டியிருந்தால் குத்தகை நீடிக்கப்படாமல் போகலாம். வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் படம். நான் தாளைத் திருப்பிக் காட்டியிருந்தாலே போதும், அம்மா தொலைபேசியில் மாமாவைத் தடுத்திருப்பார்.

தாளை எட்டாக மடித்து, என் பனிக்காலச் சப்பாத்துக்குள், விரல் நுனி வரைக்கும் தள்ளி ஒளித்தேன். ஜூன் மாதத்தில் அதை யாரும் தொடமாட்டார்கள் என்பது என் கணக்கு. மழையில் நிலம் என்னவாகுமோ என்று அம்மா யன்னலடியில் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் சப்பாத்து அலுமாரியைத் திரும்பிப் பார்த்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலிருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரிக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடி, அது பாவம் என்று பயந்து, சின்னத் தடிமனாவது வரட்டும் என்று குறைத்துக்கொண்டேன்.

அதிகாரி சுகதேகியாக வந்தார். ரப்பர் சப்பாத்து அணிந்த உயரமான பெண். நாங்கள் பத்து நிமிடம் முந்தியே போய்விட்டோம். மாமா அயர்ண் பண்ணிய சேட்டோடு வந்திருந்தார். காரிலிருந்து இறங்கும்போது, சேறாக இருக்கும் என்று அம்மா ஒரு பையை என்னிடம் நீட்டினார். உள்ளே என் பனிக்காலச் சப்பாத்து.

காலை விட்டேன். வலதில் ஒன்றும் இல்லை. இடதிலும் இல்லை. தாள் எங்கோ விழுந்துவிட்டது. அலுமாரிக்குள்ளா, காருக்குள்ளா, இந்தச் சேற்றிலேயேவா? அதிகாரி குனிந்த ஒவ்வொரு முறையும் அவர் அதைத்தான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கரை இப்போது கோயில் வீதியாக இல்லை. மழை அதைக் கீறி வாய்க்கால்களாக்கியிருந்தது. மேலே இருந்த பயிற்றைப் பாத்திகளில் இரண்டு சரிந்து கீழே இறங்கியிருந்தன. அதிகாரி ஒரு கண்ணாடிப் போத்தலில் ஓடைத் தண்ணீரை மொண்டு தூக்கிப் பிடித்தார். தேத்தண்ணி நிறம். சற்று நேரத்தில் அடியில் கறுப்பாகப் படியத் தொடங்கியது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூன்று வருடம் சாணமும் இலைக்குப்பையும் போட்டுத் தானே ஆக்கிய மண் அது. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கரையை வெட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்வியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மாமா தொண்டையைச் செருமினார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான்தான் வெட்டினனான் எண்டு சொல்லு.”

சொன்னேன்.

“கடிதத்தை வடிவா வாசிக்கேல்லை, என்ர பிழை எண்டும் சொல்லு.”

நான் சப்பாத்து நுனியால் சேற்றைக் கிளறினேன். அம்மா காத்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அதைச் சொல்லி முடித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை; அதிகாரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரமும் சொன்னேன்.

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு, இப்போது முடிவு சொல்லமாட்டேன், செப்டெம்பரில் வந்து பார்ப்பேன், அதற்குள் கரையில் செடி வேர்பிடித்திருக்க வேண்டும் என்றார். அதற்கு வழியையும் அவரே காட்டினார். வாகனத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய, நீர்க்கரையில் வளரும் வில்லோ மரத்துத் தடிகளைக் கட்டாக இறக்கினார். இலையுமில்லை, வேருமில்லை. ஒரு முனை சரிவாகச் சீவியிருந்தது. நடும் காலம் பிந்திவிட்டது, தினமும் தண்ணீர் விட்டால் சிலது பிழைக்கும் என்றார். அதுவரைக்கும் தலை குனிந்து நின்ற மாமா ஒரு தடியை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“உது எங்கட கதியாலெல்லோ. வேலிக்கு நடுறது. உதை எனக்கு இவையோ காட்டித் தர வேணும்?”

அவர் தடிகளைச் சரித்து நட்டு, காலால் மிதித்து இறுக்கிய விதத்தைப் பார்த்து அதிகாரி, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். மாமா அந்தக் கேள்வியை அடுத்த பல வருடங்களுக்குக் கொண்டாட்டங்களில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தான் கூட்டிய கதையை மட்டும் விட்டுவிடுவார்.

அந்தக் கோடை முழுவதும் எனக்குத் துளிர் எண்ணுவதே வேலை. இருபத்திநாலு தடியில் ஒன்பது செத்தன. மிச்சம் பதினைந்தும் செப்டெம்பரில் என் தோளுக்கு வந்தன. புல்லும் திரும்ப மூடியிருந்தது. பால் வடியும் செடிகள் வேரிலிருந்து மறுபடி முளைத்திருந்தன. அதிகாரி குத்தகையை நீடித்து, ரை விதை மூட்டையையும் தந்துவிட்டுப் போனார். அம்மா அன்று முழுவதும் கத்தரிக்கன்றுகளோடு பேசினார்.

அம்மா மாமாவைக் காப்பாற்றினார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அண்ணனை வெளி ஆளுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை என்று. தொலைந்த தாள் குப்பையோடு போயிருக்கும் என்று என்னை நானே நம்பவைத்தேன். இரண்டாம் தாளைப் பற்றி அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கடிதத்திலிருந்து, நான் வாசிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அலுப்பாக இருக்கும் எனக்கு.

போன மார்ச்சில் அம்மா பக்கத்து நிலத்தையும் சேர்த்து எடுக்க விரும்பியதால், பழைய குத்தகைக் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கித் தரச் சொன்னார். அந்த வருடத்துக் கடிதமும் இருந்தது. முதல் தாளின் மூலையில் வெள்ளி என்று பென்சில் எழுத்து. அதன் பின்னால், எட்டு மடிப்பும் தெரிய, அயர்ண் பெட்டி வைத்துத் தட்டையாக்கிய இரண்டாம் தாள். அதன் மூலையிலும் அம்மா வழக்கம்போல, தன் கைக்கு வந்த நாளைக் குறித்திருந்தார்.

திங்கள்.

அதிகாரி வந்தது செவ்வாய்க்கிழமை.