கூலண்ட் பிட்டிதீனி

புல் முழுக்க வெள்ளை. வேலிக் கம்பியும் வெள்ளை. அக்கா வாசலில் காயப்போட்டு மறந்த துண்டு விறைத்துப்போய் அட்டை மாதிரி தொங்கியது. அந்தக் குளிரில் என் காரின் வெப்ப முள் மட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. ஊரே உறைந்து கிடக்கும்போது என் இஞ்சின் மட்டும் கொதிக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

இது நடந்தது போன மார்கழிக் கடைசியில், ஊட்டிக்குப் பக்கத்தில். அக்கா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். மாமா போய் மூன்று வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலையிலிருந்து மதியம் வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறாள். பால் பாத்திரம் எடுக்கப்படாமல் வாசலிலேயே இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எனக்கு இதே வேலை. மைசூர் விஜயநகரிலிருந்து கிளம்பி, குண்டலுபேட்டையில் ஒரு காபி குடித்து, காட்டைக் கடந்து, மலை ஏறி, "எங்களோட வந்துடுக்கா" என்று கெஞ்சுவது. அவள் "பார்க்கலாம் தம்பி" என்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக இறங்கி வருவேன்.

திடீரென்று ஒருநாள் அவளே போன் செய்தாள். "சரி, இந்தத் தடவ வரேன்." அவ்வளவுதான். எனக்கு அக்காவைத் தெரியும். யோசிக்க அரைமணி நேரம் கொடுத்தால் மனசை மாற்றிக்கொள்வாள். அதனால் யோசிக்கவே விடக்கூடாது என்று திட்டம் போட்டேன். சனி மாலை போய்ச் சேர்வது, ஞாயிறு விடிந்ததும் பெட்டியை ஏற்றி, கதவைப் பூட்டி, வண்டியை எடுத்துவிடுவது.

எல்லாம் அப்படியேதான் நடந்தது. பெட்டி டிக்கியில் ஏறியது. கதவைப் பூட்டினோம். சாவியை ஜீப் டிரைவரிடம் கொடுத்தோம். மேட்டில் இருநூறு அடிகூட ஏறியிருக்க மாட்டோம், முள் ஏறிவிட்டது. இஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்தி, வண்டியைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு அவள் வாசலுக்கே வந்து சேர்ந்தேன். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஜீப் டிரைவர் சால்வையை இறுக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"மேல கொதிக்குது, கீழ ஐஸா இருக்குது. உள்ள தண்ணி உறஞ்சி அடச்சிருக்குங்க. கூலண்ட் ஊத்தலீங்களா?"

"ஊத்தியிருக்கு. மெக்கானிக்கே போன்ல சொன்னார்."

"இது வெறும் தண்ணிங்க. கூலண்ட் இருந்தா ஏன் உறையுது? ராத்திரி பானெட் மேல ஒரு சாக்காவது போட்டிருக்கலாம்." இஞ்சின் ஆறட்டும், அப்புறம் முன்னால் சாக்கைப் போட்டு அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் இளகிவிடும், கொதிநீர் மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டுச் சாவியை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பூட்டிய கதவை மறுபடி திறந்தால் மனசை மாற்றிக்கொள்வாளே என்றுதான் எனக்குப் பயம். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கும் சத்தமும் கேட்டது. தண்ணீர் காய வைக்க எதற்கு இத்தனை பாத்திரம்?

மைசூரில் வண்டியைப் பார்த்துக்கொடுத்த மெக்கானிக்கை அழைத்தேன். எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் மகள் கூப்பிட்டாள். வீட்டில் நாங்கள் தமிழ்தான். ஆனால் அவளுக்குக் கன்னடம்தான் சரளம் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் பேசினால் கன்னடத்தில்தான் போய் முடியும். அன்றைக்கு எனக்கு அது வசதியாகவும் இருந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, அக்காவுக்குக் கன்னடம் தெரியாது. "ஸாகாகி ஹோய்த்து புட்டா" என்று ஆரம்பித்தேன். சலித்துப்போய்விட்டது செல்லம் என்று அர்த்தம். அதோடு விட்டேனா? மலையேறியது போதும், கெஞ்சியது போதும், அத்தையைக் கூட்டிவந்தால் நாளையிலிருந்து அவள் பாடும் என் தலையில்தான், நான் ஒருத்தன் எத்தனை பேரைத்தான் பார்ப்பது என்று மனசில் இருந்ததையெல்லாம் கன்னடத்தில் கொட்டித் தீர்த்தேன். மகள் பாவம், "ஹூம் அப்பா, ஹூம் அப்பா" என்று கேட்டுக்கொண்டாள்.

போனை வைத்ததும் மெக்கானிக் அழைத்தார். எடுத்ததுமே பிடித்துக்கொண்டேன். கூலண்ட் ஊற்றியதாகச் சொன்னீர்களே, இப்போது வண்டி உறைந்து நிற்கிறதே என்று. மைசூருக்கு வந்து இருபத்தெட்டு வருஷம், கன்னடத்தில் நான் நன்றாகவே சண்டை போடுவேன். அவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை சார்" என்று சாதித்தார். என் குரல் ஏறிக்கொண்டே போனது.

அப்போது அக்கா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கி, "ஏனப்பா, ஏனு ஹேளிதே நீனு?" என்று கேட்டாள். என்னப்பா, நீ என்னதான் சொன்னாய் என்று.

மைசூர்க் கன்னடம் இல்லை அது. படுக மொழியும் கன்னடமும் கலந்த ஒன்று, ஆனால் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முப்பது வருஷமாகப் பிரசவ வார்டில் படுகர் வீட்டுப் பெண்களோடு அவள் வேறு எந்த மொழியில் பேசியிருப்பாள்? எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. அவர்கள் பாஷை கன்னடத்துக்குப் பக்கத்து வீடு என்பதும் தெரிந்த விஷயம்தான்.

பேசி முடித்து அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"கூலண்ட் பிட்டிதீனின்னு சொன்னானாம். கூலண்ட் தீந்துபோச்சு, அத விட்டுட்டு வெறும் தண்ணிதான் ஊத்தியிருக்கேன், திங்கக்கிழம வாங்கன்னு சொன்னானாம். நீ சரி சரின்னு வெச்சுட்டியாம்."

மெக்கானிக் அன்றைக்கு அழைத்துச் சொன்னபோது நான் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றிருந்தேன். இரைச்சலில் காதில் விழுந்தது அந்த இரண்டு வார்த்தைதான். எங்கள் வீட்டில் நெய் விடு, ரசம் விடு என்றுதான் பேச்சு. பிட்டிதீனி என்றதும் என் தமிழ்க் காது அதை 'விட்டிருக்கேன்' என்று ஊற்றிக்கொண்டுவிட்டது. கன்னடத்தில் பிட்டது என்றால் ஊற்றியது இல்லை, கைவிட்டது. இருபத்தெட்டு வருஷக் கன்னடம் ஒரு சொல்லில் கவிழ்ந்தது.

ஆனால் அந்த வெட்கம் பெரிதாக வருவதற்கு முன்பே இன்னொன்று உறைத்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவள் ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைப் போட்டாள். சாக்கின்மேல் தண்ணீரை நிதானமாக ஊற்றினாள். இரண்டு பாத்திரம், மூன்று பாத்திரம். ஜீப் டிரைவர் மூடியைத் திறந்து குறைந்த தண்ணீரை நிரப்பினார். இஞ்சினைப் போடச் சொன்னார். கீழ்க்குழாய் சூடாகிவிட்டது, முள் நடுவில் நின்றது, தைரியமாகக் கிளம்புங்கள் என்றார். நான் இறங்கிப் பின்னால் போனபோது டிக்கி திறந்திருந்தது. பெட்டி வீட்டுப் படியில் இருந்தது.

"என்னக்கா இது?"

"நீ போ தம்பி. என்ன விட்டுடு. உனக்குத்தான் ஸாகாகி ஹோய்த்தே."

வண்டியைத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"ஆமாக்கா. சலிச்சுத்தான் போச்சு. மலை ஏறி எறங்கிச் சலிச்சுப் போச்சு. நீ பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்றதக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. போன் எடுக்க நீ ரெண்டு நிமிஷம் லேட் பண்ணா, எங்க விழுந்து கெடக்கறியோன்னு பதறிப் பதறிச் சலிச்சுப் போச்சு. இன்னொரு தடவ கெஞ்ச என்னால ஆகாது."

சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர்தான் என்று துடைத்துக்கொண்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக நான் அவளிடம் தேனாகத்தான் பேசியிருக்கிறேன். இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அங்க வந்தாலும் சலிக்குமே" என்றாள்.

"சலிக்கும். நான் திட்டுவேன், நீயும் திட்டு."

அக்கா உள்ளே போய் அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கதவைப் பூட்டினாள். "பொட்டிய எடு" என்றாள்.

மலையை மெதுவாகவே இறங்கினோம். நான் முள்ளைப் பார்த்து ஓட்டினேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குண்டலுபேட்டையில் ஒரு கடையில் கூலண்ட் ஊற்றிக்கொண்டோம். அக்கா இறங்கிப் போய்ப் பக்கத்திலேயே நின்று, "ஹாகிதியா, பிட்டிதியா?" என்று கடைக்காரரைக் கேட்டாள். ஊற்றினாயா, விட்டுவிட்டாயா என்று. அவர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் வந்து ஏறினாள்.

அப்போது வீட்டிலிருந்து என் மனைவி அழைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"இந்தத் தடவையும் அக்காவ விட்டுட்டுத்தான் வர்றீங்களா?"

"விடல" என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.