சத்தம் போன கியர் பெட்டி

எங்கள் பழைய கார் மூன்றாவது கியரில் மெல்ல முனகும். எனக்கு அது பழகிப்போன சத்தம். வீட்டுக்காரருக்கோ காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. கியர் ஆயில் மாற்றும் சமயம் வந்தது. காரோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருந்த மெல்லிய ஆயிலை விட்டுவிட்டு, லாரிகளின் பின் அச்சுக்கு ஊற்றும் நூற்று நாற்பது எண் ஆயிலை வாங்கி வந்தார்.

"கெட்டியா இருந்தாத்தான் பல்லு உரசாது அம்மணி" என்று சொல்லி, அவரே காருக்கடியில் படுத்துப் பழையதை வடித்துப் புதியதை ஏற்றினார். முனகல் நின்றது. மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

பிறகு உறைபனி விழ ஆரம்பித்தது. இத்தலாரிலிருந்து குன்னூருக்குத் தினமும் வேலைக்குக் காரை ஓட்டிப் போகிறவள் நான். மலை இறக்கத்தில் இரண்டாவது கியர்தான் பாதி பிரேக். காலைக் குளிரில் அந்த இரண்டாவது கியர் விழ மறுத்தது. ஆயில் உறைந்து கிடக்கிறது என்று சொன்னால் கேட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை மதிய வெயிலில் அவர் ஓட்டிப் பார்ப்பார். அப்போது கியர் சொன்ன பேச்சு கேட்டு விழும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். கிளட்ச்ச முழுசா அமுத்து" என்பார்.

தினமும் இதையே கேட்டால் யாருக்கும் தன் மேலேயே சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. கடைசியில் ஒருநாள் சாவிக்குக் கையை நீட்டினார்.

"நாளைக்கு நானே கொண்டாந்து உடறேன். அப்பறம் நீ பஸ்ல போய்க்க."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கார் ஓட்டுகிறவள் நான். சாவியைக் கொடுத்தபோது ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில். ஊர் தாண்டியதும் இறக்கம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தார். விழவில்லை. மறுபடி இடித்தார். எந்தக் கியரிலும் இல்லாமல் கார் தன் போக்கில் வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்தார், ஈரத்தில் டயர் வழுக்கியது. முன்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் பஸ்ஸின் ஹார்ன். வலது பக்கம் தேயிலைச் சரிவு, இடது பக்கம் மண்மேடு.

மறைப்பானேன், பயத்துக்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. தப்பு என் காலில் இல்லை! அடுத்த நொடிதான் பயம் வந்தது.

"கியர விடுங்க! மேட்டுப் பக்கம் ஸ்டியரிங்க ஒடிங்க!" என்று கத்திக்கொண்டே கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இடது சக்கரம் ஓரத்து ஓடையில் இறங்க, மண்மேட்டில் உரசிக்கொண்டு கார் நின்றது. பஸ் எங்களை ஒட்டிக் கடந்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

அவர் கை இன்னும் கியரை விடவில்லை. எனக்குப் பற்கள் தந்தியடித்தன. இருந்தாலும் கேட்காமல் விட மனமில்லை.

"ஏனுங்க, கூடம் கோணலுங்களா?"

"கோணல்தான்" என்றார். சாவியை உருவி என் மடியில் வைத்தார்.

பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிக் காரைத் தூக்கிவிட்டார்கள். முதல் கியரிலேயே ஊர்ந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். கெட்டி ஆயிலை வடித்துவிட்டு, புத்தகம் சொன்ன ஆயிலை ஊற்றச் சொன்னவர் அவர்தான்.

அடுத்த நாளும் உறைபனி. நான் ஓட்டினேன். மூன்றாவது கியரில் பழைய முனகல் திரும்பியிருந்தது.

"சத்தம் வருதே" என்றார்.

"வரட்டுங்க."

அதே இறக்கம் வந்தது. இரண்டாவது கியருக்கு இழுத்தேன். அடங்கி விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை அழுந்த மிதித்துக்கொண்டிருந்தது.