கதவுக்கு அடியில் வந்த கார்டு

“பேயைப் பார்த்தீர்களா?” என்று எவலினிடம் கேட்டுவிடாதீர்கள். கோபம் வந்துவிடும். “பேயும் பாக்கல, பிசாசும் பாக்கல. கார்டு குடுத்தாங்க, வாங்குனேன். அவ்ளோதான்” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எனவே இது கட்டிச் சொல்லும் கதை அல்ல. அன்று அவளோடு போன வேன்காரன் குகனேஸ்வரன் இன்றும் மலை மேலிருக்கும் பிரிஞ்சாங் டவுனில்தான் வண்டி ஓட்டுகிறான். சந்தேகம் இருந்தால் அவனைக் கேளுங்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் கேளுங்கள். இருட்டிவிட்டால் அவன் அந்தப் பேச்சை எடுக்கமாட்டான்.

எவலின் பிரிஞ்சாங்கை ஒட்டிய தேயிலைத் தோட்டத்துக்காரி. தொழிற்சாலையில் தூள் பாக்கெட் போடும் வேலை. பயந்தவள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்குள் பாம்பு வந்தால் ஆண்களைக் கூப்பிடாமல் தானே அடிப்பவள்.

அன்று சாயங்காலம் மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் மெல்வின் போன் செய்தான். மகள் மெலிசாவுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். நாள் இன்னும் இருந்தது. அதனால் எவலின் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. கையில் கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு, பக்கத்து லயத்துக் குகனேஸ்வரனின் வேனில் ஏறிவிட்டாள்.

வழியில் திரிங்காப் ஊரைத் தாண்டியதும் பனி இறங்கத் தொடங்கியது. மலைச் சரிவில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்போதுதான் கையில் பணமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“தம்பி, வழியில காசு எடுக்கற மெஷின் எங்கயாச்சும் இருந்தா நிப்பாட்டு.”

“கம்போங் ராஜா போயிருவோம்க்கா. அங்க நல்ல மெஷின் இருக்கு.”

“அங்க கூட்டமா இருக்கும்லா. இந்தா, இங்கயே ஒண்ணு இருக்கே.”

சாலை ஓரத்தில் ஒரு கடை வரிசை. எல்லாக் கடைகளும் சாத்திக் கிடந்தன. கடைசியில் ஒரு கண்ணாடி அறை மட்டும் வெளிச்சமாக இருந்தது. குகனேஸ்வரன் வேனை நிறுத்தினான். முன் சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி ஒரு பட்டறை உண்டு, அடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனான். வேனின் சிவப்பு விளக்கைப் பனி விழுங்கிவிட்டது.

எவலின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எதிரே மெஷின். வலப்பக்கச் சுவரில் ஒரு இரும்புக் கதவு, பூட்டுப் போட்டது. ஊழியர்கள் மட்டும் என்று மலாயில் எழுதியிருந்தது. உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. மழையில் புரட்டிய மண் மாதிரி ஒரு வாடை வந்தது.

கார்டைப் போட்டாள். ரகசிய எண்ணை அழுத்தினாள்.

கர்ர்ர்… டக்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு மலாயில் ஒரு வரி வந்தது. வங்கியைத் தொடர்புகொள்ளவும். பணம் வரவில்லை. கார்டும் வரவில்லை.

பொத்தான்களை எல்லாம் மாற்றி மாற்றி அழுத்தினாள். மெஷினின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. “மாதாவே, இன்னிக்குப் பாத்தா!” என்று முனகினாள். மெஷினில் ஒட்டியிருந்த எண்ணை மனசில் வாங்கிக்கொண்டு, போன் செய்யலாம் என்று கைப்பையைத் திறந்தாள்.

டொக்… டொக்.

எவலின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. பனிதான்.

டொக்… டொக்.

சத்தம் இரும்புக் கதவிலிருந்து வந்தது. கதவின் அந்தப் பக்கத்திலிருந்து.

“அக்கா…” ஒரு ஆணின் குரல். வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசுவதுபோல அமுங்கி வந்தது. “அக்கா, வெளியில இருக்கீங்களா?”

அவளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மெஷினுக்குப் பணம் நிரப்புகிற ஆள் உள்ளே இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

“இருக்கேங்க. மெஷின் என் கார்ட புடிச்சுக்கிச்சு. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன், அவசரமா ஈப்போ போவணும்.”

உள்ளே எதையோ தேடுகிற சத்தம். பர்ஸைத் திறப்பது போல. பிறகு தரையில் எதுவோ உரசியது.

“கீழ பாருங்கக்கா.”

கதவுக்கு அடியில் ஒரு கார்டின் விளிம்பு தெரிந்தது. மெல்ல… மெல்ல… ஒரு விரல் தள்ளுவதுபோல வெளியே வந்தது. நீல நிறக் கார்டு. அதே வங்கி.

எவலின் குனிந்து எடுத்தாள். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. இரண்டு பக்கமும் சேறு. துடைக்கக்கூடத் தோன்றாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ரொம்ப நன்றிங்க.”

“பாத்துட்டீங்களாக்கா?”

“என்னங்க?”

“கார்ட. பாத்துட்டீங்கல்ல?”

“பாத்தேங்க. எடுத்துக்கிட்டேன்.”

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. நீண்ட பெருமூச்சு. அழுகைக்கு முந்தைய மூச்சு மாதிரி.

“அப்ப நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல… யார்ட்டயாச்சும் சொல்லுங்கக்கா. கதவ தொறக்கச் சொல்லுங்க. மூச்சு முட்டுது.”

அப்போதுதான் அவள் பூட்டைச் சரியாகப் பார்த்தாள். பூட்டு இந்தப் பக்கம் தொங்கியது. முழுக்கத் துரு. சாவித் துவாரமே அடைந்துபோயிருந்தது.

“நீங்க… எப்படிங்க உள்ள போனீங்க?”

டொக். டொக். டொக்.

முதலில் நெஞ்சு உயரத்தில் தட்டினார்.

பிறகு இடுப்பு உயரத்தில்.

பிறகு முழங்கால் உயரத்தில்.

பிறகு…

தரையோடு தரையாக. மிக மெதுவாக.

டொக்…

அவளுடைய செருப்பு நுனிக்கு நேராக.

எவலின் கத்தவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். பனிக்குள் வேன் விளக்கு தெரிந்தது. குறுக்கே போய் நின்றாள். குகனேஸ்வரன் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

“என்னாக்கா, சாவப் பாத்தீங்களா!”

“உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரு தம்பி. வெளியில பூட்டிட்டுப் போயிட்டானுங்க. உள்ள மூச்சு முட்டுதாம். வா, ஒடைப்போம்.”

அப்போதும் அவள் அப்படித்தான் நம்பினாள். உள்ளே கிடப்பது ஒரு மனிதன்தான் என்று மனம் அடித்துச் சொன்னது. விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

குகனேஸ்வரன் பெரிய ஸ்பேனரோடு வந்தான். கதவில் ஓங்கித் தட்டினான்.

“ஐயா! உள்ள யாருங்க?”

சத்தமே இல்லை. மறுபடி தட்டினான். அவன் முகம் மாறியது.

“அக்கா… பின்னால ரூம் இருந்தா கணகணன்னு கேக்கணும். இது பாறையில தட்டுற மாதிரில்ல இருக்கு.”

“அடியில பாரு. இதுவழியாத்தான் கார்டு குடுத்தாரு.”

அவன் போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தான். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு நிமிராமலே சொன்னான்.

“சிமெண்டு வச்சுப் பூசியிருக்குக்கா. ஒரு பேப்பர்கூட நுழையாது.”

எவலின் தன் கையைப் பார்த்தாள். விரல்களில் சேறு இருந்தது.

“வாங்க, போயிருவோம்” என்றான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வேன் கம்போங் ராஜாவைத் தாண்டி மலையிறங்கியது. அதன் பிறகும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மெஷினில் பார்த்த எண்ணைப் போனில் போட்டாள். மெஷின் கார்டைப் பிடித்துக்கொண்டதையும், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருப்பதையும், யாராவது உடனே போய்ப் பார்க்கும்படியும் சொன்னாள். பெயரைக் கேட்டார்கள். சொன்னாள்.

விடியும்போது மெலிசாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். எவலின் பேத்தியைக் கையில் வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டாள். இரவு நடந்ததெல்லாம் ஏதோ களைப்பில் கண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் போன் வந்தது. பிரிஞ்சாங்கில் உள்ள வங்கிக் கிளையிலிருந்து மகேஸ்வரன் என்கிற அதிகாரி பேசினார்.

“மேடம், நேத்து உள்ள ஆள் இருக்குன்னு போன் பண்ணது நீங்கதானே? காலையிலயே ஆளுங்க போய்ப் பாத்துட்டாங்க. யாரும் இல்ல. மெஷினத் தொறந்து உங்க கார்ட எடுத்துட்டாங்க. அடையாளத்துக்கு ஐ.சி. கொண்டாந்து காட்டி வாங்கிக்கலாம்.”

“என் கார்டு என்கிட்டதானே சார் இருக்கு?”

“இல்லியே மேடம். உங்க பேரு போட்ட கார்டு இங்க என் மேசையிலல்ல இருக்கு.”

எவலின் கைப்பையைத் திறந்தாள். கார்டை எடுத்தாள். ஆஸ்பத்திரி நடையின் வெளிச்சத்தில், கட்டை விரலால் சேற்றைத் தள்ளினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“இருளப்பன்னு போட்டிருக்கு சார்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“சார்?”

“அந்தப் பேரு… உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” அவர் குரலில் மேடம் போய்விட்டிருந்தது.

“கார்டுல இருக்கு சார். நான்தான் கையில வச்சிருக்கேனே.”

மகேஸ்வரன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் முன்பு ஒரு சின்ன அறை இருந்தது. துடைப்பம், வாளி எல்லாம் வைப்பது. அந்தக் கடை வரிசையைக் கூட்டித் துடைக்கிற இருளப்பன் என்பவர் அங்கேதான் உடை மாற்றுவார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் பின்னாலிருந்த சரிவு இறங்கியது. அறைக்குள் மண். கண்ணாடி அறைக்குள்ளும் கதவைத் திறக்க முடியாதபடி இடுப்பளவு சேறு. இருளப்பன் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். வீட்டில் அவர் கம்போங் ராஜாவில் தங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். அதனால் அவரைத் தேடி யாரும் தோண்டவில்லை.

“சேத்தை அள்ளும்போதுதான்க்கா தெரிஞ்சிச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் அவரோட ஐ.சி. கெடந்திச்சு. அதுக்குப் பக்கத்துல லைசென்ஸு. புள்ள போட்டோ. பர்ஸுல இருந்ததையெல்லாம் ஒண்ணொண்ணா கதவுக்கடியில தள்ளியிருக்காரு. உள்ள ஆள் இருக்குன்னு யாராச்சும் பாக்கட்டும்னு. வெளியிலயும் சேறுதானே… யாருக்கும் கண்ணுல படல. பேங்க் கார்டு மட்டும் எங்க தேடியும் கெடைக்கல. அப்புறம் அந்த ரூமுக்குள்ள கான்கிரீட் ஊத்தி அடைச்சிட்டாங்க. கதவு மட்டும் சும்மா நிக்கிது.”

எவலின் சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“எத்தனாவது நாள் சார் எடுத்தாங்க?”

“மூணாம் நாள் காலையில.”

“மொத நாளே போயிருப்பாருல்ல? ரொம்பத் தவிச்சிருக்க மாட்டாருல்ல?”

மகேஸ்வரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தூக்குனவங்கள்ல நானும் ஒருத்தன்க்கா” என்றார். “அவரு உடம்புல அப்பவும் சூடு இருந்திச்சு.”