பாபாவின் ஞாபகமாக இருந்த காளிமுத்து

2006 செப்டம்பரில் இந்த நாட்டு அரசாங்கம் வார விடுமுறையை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாற்றியது. அதன்பின் கொஞ்ச நாளைக்கு அபுதாபியில் யாருக்கும் கிழமை சரியாகப் பிடிபடவில்லை. வியாழனன்று வீட்டில் தூங்கியவர்கள் உண்டு. சனிக்கிழமை வந்து பூட்டிய கதவைத் தட்டியவர்களும் உண்டு. என்னுடைய வேலையோ, தினமும் காலையில் வயதானவர்களை எதிரே உட்காரவைத்து, "இன்று என்ன கிழமை?" என்று கேட்பது. தப்பாகச் சொன்னால் ஒரு மதிப்பெண் போச்சு.

மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்குக் கடைசிக் கட்டம் ஓராண்டுப் பயிற்சி. ஓய்வுபெற்ற படைவீரர்களைப் பார்க்கும் மருத்துவமனை ஒன்றின் நரம்பு உளவியல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. மேற்பார்வையாளர் அமெரிக்கர்; கேள்வித்தாளும் அவர் ஊர்தான். "இப்போது என்ன பருவம்?" என்று ஒரு கேள்வி. அக்டோபர் மாதத்துச் சரியான விடை, இலையுதிர் காலம். ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பேரீச்ச மரங்கள். உதிர்க்கும் உத்தேசம் அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கேள்விகளின் அரபி வடிவத்தை நானே வாசிப்பேன். ஒன்பது மாதத்தில் நான் கற்ற அரபி அந்தத் தாளோடு ஆரம்பித்து அந்தத் தாளோடு முடிந்துவிடும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பாபா வந்தார்; இங்கே வீட்டு வேலையாட்கள் பெரிய முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்னாள் சார்ஜென்ட், எழுபது தாண்டியவர். மறதி அதிகமாகிறது என்று மகன் அனுப்பியிருந்தார். கூடவே அவருடைய டிரைவர் காளிமுத்து, பரமக்குடிப் பக்கம், பத்தொன்பது வருடமாக அவர் வீட்டில். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று கேட்டேன். பாபா என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னதைக் காளிமுத்து தமிழில் பெயர்த்தார். "வழி தெரியவில்லையா மகளே? என் டிரைவர் கொண்டுபோய் விடுவான்." அதற்கு மதிப்பெண் இல்லை. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகச் சொன்னார். என்ன மாடி? மூன்று. என்ன கிழமை? செவ்வாய். கூட்டல் கழித்தல்கூடப் பிசகவில்லை. நான் குறித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது, காளிமுத்துவின் வலதுகை விரல்கள் பாபாவுக்குத் தெரியும்படி மடங்கிக்கொண்டிருந்தன.

திருச்சி அரசு மருத்துவமனையில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். அங்கே நோயாளியோடு ஆறு பேர் வருவார்கள். கேள்வி கேட்டால் ஆறு பேரும் கோரஸாகப் பதில் சொல்வார்கள். பேராசிரியர் எழுந்து, "பேஷண்ட் யாருங்க? அவரு மட்டும் பேசட்டும்" என்று கத்துவார். இங்கே வசதி அதிகம். ஒருவரே சத்தமில்லாமல் முடித்துவிடுகிறார்.

அடுத்த முறை காளிமுத்துவை வெளியே உட்காரச் சொன்னேன். பாபாவுக்குக் கிழமை தெரியவில்லை, மாதம் தெரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

வராந்தாவில் காளிமுத்து என்னை மறித்தார். "டாக்டரம்மா, கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"நான் இன்னும் டாக்டர் இல்லைண்ணே."

"அது உங்களுக்குள்ள இருக்கட்டும். பாபாதான் எனக்கு கஃபீல், என் விசா அவரு பேர்லதான் இருக்கு. அவருக்குப் புத்தி சரியில்லன்னு எழுதிட்டா மகன் எல்லாத்தையும் கையில எடுத்துக்குவாரு. என் விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திவிட்ருவாரு. தை மாசம் மகளுக்குக் கல்யாணம். பாபா லீவு தந்துட்டாரு, டிக்கெட்டும் போட்டாச்சு. வேலையில்லாத மாமனாரா போயி நிக்கவா?"

எனக்கும் ஒரு மனசாட்சி உண்டு. பயிற்சிக் கையேட்டில் அதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. மதிப்பெண்ணை உள்ளபடியே போட்டேன். கீழே பரிந்துரையில், "நோயாளியின் நிலை சீராக இருக்க, நெடுநாள் பழகிய துணையாள் இடைவெளியின்றி உடனிருப்பது அவசியம்" என்று எழுதினேன். பொய்யில்லை, மருத்துவப்படி சரியான வாக்கியம். காளிமுத்துவின் வேலையும் காப்பாற்றப்படும். மேற்பார்வையாளர் அந்த வரியின் கீழே பேனாவால் கோடிட்டு, "பிரமாதம்" என்றார். என் பயிற்சி மதிப்பீட்டிலும் அதைச் சேர்த்தார். வெகுநேரம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மகன் அறிக்கையை மதித்தார். காளிமுத்துவின் விசாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நவம்பர் கடைசியில் காளிமுத்து வந்தார், கையில் என் அறிக்கையின் நகல்.

"லீவு மஃபி, கிடையாதுன்னுட்டாரு தங்கச்சி." டாக்டரம்மா என்ற பட்டம் பறிபோயிருந்தது. "இந்த வரியக் காட்டுறாரு. இடைவெளியில்லாமன்னு டாக்டரே எழுதிருக்காங்க, நான் எப்படி அனுப்புவேங்கறாரு. இருபது நாளைக்கு வேற ஆள் இருந்தாப் பரவால்லன்னு இன்னொரு லெட்டர் எழுதிக் குடுங்க."

மேற்பார்வையாளரிடம் போனேன். கல்யாணம் ஒரு மருத்துவக் காரணம் அல்ல என்றார். மகனுக்குப் போன் செய்து, இடைவெளியின்றி என்றால் அந்த அர்த்தத்தில் அல்ல என்று விளக்கினேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "நீங்கள் முழு டாக்டரா?" அந்தக் கேள்விக்குச் சரியான விடை எனக்குத் தெரியும். சொன்னேன். நன்றி கூறி வைத்துவிட்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபாவுக்கு மறுபரிசோதனை. எட்டு மணி ஆகியும் மேலே வரவில்லை என்று நானே பார்க்கிங்குக்கு இறங்கிப் போனேன். வண்டி ஏசியோடு நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டில் இருவரும், நடுவே ஸ்பீக்கரில் போட்ட மொபைல். பரமக்குடியில் மணி ஒன்பதரை. கெட்டிமேளம் ஓய்ந்து, யாரோ பந்திக்கு ஆள் கூப்பிடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து காளிமுத்து கண்ணாடியை இறக்கினார்.

அவர்களுடைய அரபியும் இந்தியும் கலந்த பேச்சு எனக்கு இப்போது புரியும். யாருக்குக் கல்யாணம் என்று பாபா கேட்டார். என் மகளுக்கு என்றார் காளிமுத்து. பாபா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, மப்ரூக் என்று வாழ்த்தினார். பிறகு முகம் மாறி, "நீ ஏன் போகவில்லை?" என்றார்.

"நாளைக்குப் போறேன், பாபா."

பாபாவுக்குத் திருப்தி. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தவர் மறுபடி கேட்டார், யாருக்குக் கல்யாணம் என்று. மறுபடியும் மகள், மறுபடியும் மப்ரூக், அதே கைகுலுக்கல். "நீ ஏன் போகவில்லை?"

போன் கட்டாகியிருந்தது. காளிமுத்து அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போயிட்டு வந்துட்டேன், பாபா."

"சாப்பாடு எப்படி?"

"நல்லா இருந்துச்சு" என்றார் காளிமுத்து. பிறகு இறங்கி, சுற்றி வந்து, பாபாவின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.