ஊமைக்கோட்டானுக்கு ஒரு போன்

எங்கள் டயர் கடைக்கு எதிரே செல்போன் ரிப்பேர் செய்கிற அண்ணனுக்கு நான் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். ஊருக்குப் புதுசு, சின்ன வயசு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயம். சரிசெய்த ஒவ்வொரு போனிலிருந்தும் தன் நம்பருக்கே அடித்து, "ஹலோ, கேக்குதா?" என்று தனக்குத்தானே பேசிப் பார்ப்பார். மற்றபடி அவரை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

என் போனையும் அப்படித்தான் சோதித்தார். அதில் தங்கிய நம்பருக்கு ஒருநாள் குரலை மாற்றி அடித்தேன்.

"தம்பி, தண்ணி லாரி கேட்டீங்களே, எங்க இறக்கணும்?"

திட்டுவார் என்று பார்த்தால், "நான் கேக்கலீங்களே. வெயில்ல அலையுறீங்களா? சாப்டீங்களா?" என்கிறார் மனுஷன். சிரிக்க வாயெடுத்த நான், "இன்னும் இல்ல தம்பி" என்றேன்.

அதிலிருந்து தினமும் லாரிக்காரராகப் பேசினேன். இல்லாத பெண்டாட்டியோடு நான் போட்ட சண்டைக்கெல்லாம் சமாதானம் சொன்னார். உண்மை தெரிந்தால் மறுபடி ஊமையாகிவிடுவாரோ என்று எனக்குத்தான் உதறல்.

நேற்று பேச்சுக்கு நடுவில் எங்கள் முதலாளி, "டேய் வாலு, டயரைக் கழட்டுடா!" என்று கத்தினார். போனிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது. அண்ணன் எட்டிப் பார்த்தார். நான் டயருக்குப் பின்னால் பதுங்கினேன்.

காதில் இருந்த போன் சிரித்தது. "லாரியை அங்கயே போட்டுட்டு வாடா. ரெண்டு டீ சொல்றேன்."